மருத்துவரிடம் காட்டாத பை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு மலரில் இரண்டு வாரங்களுக்கு முன்பு, பசி தீர்ப்பதோடு உடல்நலத்துக்கும் தனி நன்மை தரும் என்று சொல்லப்படும் செயற்பாட்டு உணவுகளைப் பற்றியும் ‘நியூட்ராசூட்டிக்கல்’ என்ற பெயரில் கடைகளில் விற்கும் ஊட்டமருந்துகளைப் பற்றியும் வெளிவந்த கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். வெந்தயம், மஞ்சள், முருங்கை, ஓட்ஸ் முதலியவற்றைக் குறித்து அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் சரியானவையே. ஆனால் அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு மாவுப் பானத்தின் விளம்பரம் இருந்தது. கட்டுரையின் எழுத்தும் விளம்பரத்தின் எழுத்தும் ஒரே அளவில், ஒரே கட்டத்துக்குள் அமைந்திருந்தபடியால், எங்கள் வீட்டுக்கு வந்து நாளிதழ் படிக்கும் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பானத்தைக் கட்டுரையாளரே பரிந்துரைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, “இது எங்கே கிடைக்கும் டிரசரையா?” என்று என்னைக் கேட்டார். அவர் யார், ஏன் அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நான் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் 31 ஆண்டுகள் மருத்துவ உதவியாளராக, தோட்டத்து மக்கள் வழக்கில் டிரசராக, வேலை செய்து ஓய்வு பெற்றவன். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்ததையும், லயங்கள் காலியாகி மக்கள் டவுனை ஒட்டிய தாமான் என்ற குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்ததையும், நான் இருந்த தோட்டங்களின் மருந்தகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதையும் கண்ணால் கண்டவன். அந்தக் காலத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பிரட்டு முடிந்ததும் மருந்தகத்து வாசலில் வந்து நிற்பவர்கள், முதல் நாள் என்ன சாப்பிட்டார்கள், யார் சொல்லி எந்த வேரை இடித்துக் குடித்தார்கள் என்பதை நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும், லயத்தில் யார் வீட்டு அடுப்பில் என்ன கஷாயம் கொதிக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்கும். இன்று அதே மக்கள் அரசாங்கக் கிளினிக்கில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்து, சில நிமிடங்கள் மட்டும் மருத்துவர் முன் அமர்ந்து எழுந்து வருகிறார்கள். வீட்டில் குடிக்கும் பொடியைப் பற்றி அவர் கேட்பதில்லை. இவர்களும் வாய் திறப்பதில்லை. என் கவலையெல்லாம் இந்தச் சொல்லாமையைப் பற்றியதுதான்.

நான் மேலே சொன்ன அக்கா பால்மரம் வெட்டி நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். பதினோரு ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு) நோய்க்கு மெட்ஃபோர்மின், கிளிக்ளசைடு என்ற மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இங்குள்ள ஒரு மண்டபத்தில் ‘இலவச ரத்தப் பரிசோதனை’ என்று அழைத்தார்கள். பசியாறிவிட்டு வந்தவர்களின் விரலில் குத்தி, சர்க்கரை அளவை ஒரு தாளில் குறித்தார்கள். சிறிய குவளையில் ஒரு பானத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் பேசினார்கள். பேச்சு முடிந்ததும் மறுபடி விரலில் குத்தினார்கள். அக்காவுக்கு மில்லிமோல் கணக்கில் 14.2 ஆக இருந்தது 10.8 ஆகக் குறைந்திருந்தது. மண்டபத்தில் இருந்த பலருக்கும் அப்படியே குறைந்திருந்ததாம். பசியாறியதும் ஏறிய சர்க்கரை இரண்டு, மூன்று மணி நேரத்தில் தானாகவே இறங்கத் தொடங்கும் என்பதையும், வெறும் தண்ணீரைக் குடித்துக் காத்திருந்தாலும் பலருக்கு அந்த எண் குறைந்துதான் இருக்கும் என்பதையும் எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. அக்கா அன்றே ஒரு டின் வாங்கினார். விலை 168 வெள்ளி (ரிங்கிட்). அதே நோய்க்கு அரசாங்கக் கிளினிக்கில் அவர் கட்டிவந்த கட்டணம் ஒரு வெள்ளி.

டின்னை விற்றவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கிறார்: “கிளினிக் மாத்திரை எல்லாம் கெமிக்கல், கிட்னியைக் கெடுத்துவிடும்.” இந்த ஒரு வாக்கியம் எங்கள் மக்களிடையே செய்திருக்கும் கேட்டை நான் அளவிட்டுச் சொல்ல முடியாது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு மெட்ஃபோர்மினின் அளவை மருத்துவர் குறைப்பார், சிலருக்கு நிறுத்தவும் செய்வார். ஏனென்றால் அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நிறுத்தியதைப் பார்த்தவர்கள், கெடுத்ததே மாத்திரைதான் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ‘கெமிக்கல்’ என்று ஒதுக்கப்படும் அந்த மெட்ஃபோர்மினே ஒரு செடியிலிருந்து தொடங்கியது என்பதுதான். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாக வழங்கிவந்த கலேகா என்ற செடியில் கண்ட ஒரு பொருளைத் தொடர்ந்து நடந்த ஆராய்ச்சியில் பிறந்து, 1957இல் பிரான்சில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு, இன்றுவரை கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டுச் சோதிக்கப்பட்ட மருந்து அது. செடியில் இருந்தபோது இல்லாத அளவுக் கட்டுப்பாடும் பாதுகாப்பும் அந்த ஆராய்ச்சியால்தான் வந்தன.

அக்காவின் வீட்டுக்கு நான் போனபோது, பானத்தின் டின் சாமி மேடைக்குப் பக்கத்தில் துடைத்துச் சுத்தமாக வைக்கப்பட்டிருந்தது. கிளினிக் மாத்திரைகள் அலமாரியின் அடித்தட்டில், ஒரு பழைய நீல நிற பிஸ்கட் டின்னுக்குள், மாதாமாதம் வாங்கிய உறை பிரிக்கப்படாமல் கிடந்தன. உறைகளின் மேல் இருந்த தேதிகளைப் பார்த்தேன், நான்கு மாதம். கிளினிக் தவணைக்குத் தவறாமல் போயிருக்கிறார், மாத்திரையையும் தவறாமல் வாங்கியிருக்கிறார், சாப்பிடவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு 8 விழுக்காட்டுக்குச் சற்று மேலிருந்து 12 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. அதைக் கண்ட மருத்துவர், சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிறார் என்று நம்பி, அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட்டிய மாத்திரையும் அதே பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. செருப்பு வார் உரசி இடது கால் சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் உண்டான புண், நரம்பு மரத்துப்போயிருந்ததால் வலிக்கவில்லை. வலிக்காததால் அவர் பார்க்கவில்லை. வாடை வந்த பிறகுதான் மகள் பார்த்தாள். சுண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

விரலை இழந்த அந்த அக்காதான், தங்கள் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த பானம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர். அவரை நான் குறை சொல்லவில்லை. அச்சில் வந்ததை நம்பி வளர்ந்த தலைமுறை அது.

இதைப் படிக்கும் சிலர், ஆங்கில மருந்தோடு வாழ்ந்தவன் நம் பாட்டி வைத்தியத்தைப் பழிக்கிறான் என்று நினைக்கக்கூடும். அப்படி நினைப்பவர்கள் இந்த மாநிலத்தின் ஒரு பழைய கதையை அறிய வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி என்ற நோய் கொள்ளை கொள்ளையாக உயிர்களை எடுத்தது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் நோய் அது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஏராளமாக இறந்தார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களிடையே அந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர், சுரங்கத்தில் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி என்ற வேறுபாட்டைக் கண்டு 1907இல் எழுதினார். அதற்கு முன்பே 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர், விடுதியில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்ததில், நோய் பச்சரிசிப் பக்கமே மிகுந்தது. (நோயாளிகளை அப்படிச் சோதனைக்கு உட்படுத்தியதை இன்று யாரும் ஒப்பமாட்டார்கள்.) பிராடன் அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று நினைத்தார், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும், தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறைவே காரணம் என்று அடுத்த சில ஆண்டுகளில் காட்டினார்கள். 1926இல் அண்டைத் தீவான ஜாவாவில் அந்தச் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது.

நம் கொள்ளுத்தாத்தாக்களைக் காத்தது செயற்பாட்டு உணவு என்று இன்று பெயர் சூட்டத்தக்க ஓர் உணவுதான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. ஆனால் அதே புழுங்கல் அரிசியை உண்ட அதே மனிதர்கள் மலேரியாவிலும் கொக்கிப்புழுவிலும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே சதுப்பு நிலத்தை வடிக்கவும் கொயினா மருந்து கொடுக்கவும் வேண்டியிருந்தது. அரிசி தன் வேலையைச் செய்தது. மருந்தின் வேலையை அது செய்யவில்லை. செய்யும் என்று யாரும் அதைப் பொட்டலம் கட்டி விற்கவும் இல்லை.

‘நியூட்ராசூட்டிக்கல்’ என்ற சொல்லை 1989இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் டிஃபெலிஸ் உருவாக்கினார். ஊட்டத்தைக் குறிக்கும் சொல்லையும் மருந்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்த பெயர். ஜப்பான் 1991இலேயே இத்தகைய உணவுகளுக்குத் தனி விதிமுறை வகுத்து, உடல்நலம் பற்றிய ஒவ்வொரு வாசகத்துக்கும் சான்று காட்டி அரசாங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று வைத்தது. இந்தத் துறையில் உண்மையான பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருளை நாள்தோறும் 3 கிராம் உண்டால் கெட்ட கொழுப்பு ஓரளவு குறையும் என்பது நன்கு சோதிக்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், சீனி கலந்த பொட்டலப் பானத்தில் ஒரு தேக்கரண்டி போதாது. தாவர ஸ்டீரால் நாளொன்றுக்கு 2 கிராம் சேர்த்தால் அதே கொழுப்பு சுமார் பத்தில் ஒரு பங்கு வரை குறையும். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறை பெருமளவு தடுக்கப்படும் என்பதை 1991இல் வெளியான, பிரிட்டனின் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஆய்வு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அந்த மாத்திரைகளை நானே எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளின் கையில் கொடுத்திருக்கிறேன். மெட்ஃபோர்மினை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கால் எரிச்சல், சோர்வு என்று வந்தால் பரிசோதித்து, தேவைப்பட்டால் அதைத் தனியாகக் கொடுப்பார்கள். சப்ளிமென் என்கிற ஊட்டமருந்து மருத்துவத்துக்குத் துணையாக நிற்க வேண்டிய இடம் இப்படிப்பட்டதுதான்.

நம் சமையலறைப் பொருள்களைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேச வேண்டியிருக்கிறது. வெந்தயத்தின் நார் சர்க்கரை ஏறுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். பாகற்காய் இனிப்பு நீரைக் குறைக்குமா என்று மலேசிய ஆய்வாளர்கள் அதுவரை நடந்த தரமான சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, 2012இல் வெளியான ஆய்வுரையில், பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடிவு சொன்னார்கள். அதனால் பாகற்காய்க் குழம்பு வைப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. காயாக அது நல்ல காய். மஞ்சளில் குர்க்குமின் என்ற பொருள் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் உண்டு, அதுவும் குடலில் எளிதில் சேராது. குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அதையே பிழிந்து செறிவாக்கி, உடலில் சேரும்படி மிளகுச் சாரமும் கலந்து மாத்திரையாக்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது. சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று பசாரில் பிழிந்து விற்கும் பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) பழச்சாறு, அவர்களுக்கு விடாத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கி உயிரையே எடுக்கக்கூடும். நோனிப் பழச் சாற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாதபோது இதயத் துடிப்பே தடுமாறும். பழத்தில் குறையில்லை, குடிப்பவரின் உடல்நிலையை அறியாமல் கொடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

என் சொந்த அனுபவத்தையும் மறைக்க விரும்பவில்லை. கொழுப்புக்காக எனக்குக் கிளினிக்கில் சிம்வாஸ்டாட்டின் கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் என் மகள், அன்பினால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்ற மாத்திரையை வாங்கி வந்தாள். இயற்கையானது என்று புட்டியில் எழுதியிருந்தது. இரண்டையும் சாப்பிட்டேன். ஆறு வாரத்தில் தொடைத் தசைகள் வலித்து, கோயில் படி ஏற முடியாமல் போயிற்று. வேறு எதற்கோ மருந்து வாங்கப் போன கடையில் மருந்தாளுநராக இருந்த ஓர் இளம்பெண், “வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா அங்கிள்?” என்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தேன். அந்த அரிசியில் இருக்கும் மொனாகோலின் கே என்ற பொருள், லோவாஸ்டாட்டின் என்ற மருந்தேதான்; ஒரே வகை மருந்தை இரண்டு பெயரில் நான் சாப்பிட்டிருக்கிறேன். 31 ஆண்டுகள் அடுத்தவர்களைக் கேள்வி கேட்டவன், இரண்டு முறை கிளினிக்குக்குப் போயும் இதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். மருந்து என்று நினைக்காததால் சொல்லத் தோன்றவில்லை என்பது பாதி உண்மை. மருத்துவர் கடிந்துகொள்வாரோ, மகள் செலவழித்ததை வீண் என்பாரோ என்ற தயக்கம் மறுபாதி. அக்காவின் மனத்திலும் இதே தயக்கம்தான் இருந்தது என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இதைவிடக் கொடியது, புட்டியில் எழுதாத பொருள் உள்ளே இருப்பது. எங்கள் தாமானில் முதியவர் ஒருவர், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடியைச் சாப்பிட்டு மூன்றே நாளில் எழுந்து நடந்தார். ஊரே வியந்தது. ஐந்து மாதத்தில் அவர் முகம் உருண்டு வீங்கியது, தோல் காகிதம்போல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றியது, அதுவரை இல்லாத இனிப்பு நீரும் வந்தது. பொடி தீர்ந்துபோய் நிறுத்திய வாரத்தில் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்டீராய்டு கலந்த பொடியாக இருக்க வேண்டும் என்றார்கள் அங்கே. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுக்குப் பழகிய உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடுவதால், திடீரென்று விட்டாலும் ஆபத்து. வலிக்கான பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இனிப்பு நீர்ப் பொடிகளில் சர்க்கரையைக் குறைக்கும் மருந்தான கிளிபென்கிளமைடு, உடல் மெலியும் பொடிகளில் 2010இல் பல நாடுகள் சந்தையிலிருந்து அகற்றிய சிபுட்ராமின் என்று, கலப்படப் பொருள்களைப் பற்றிய எச்சரிக்கைகளை நம் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அந்த அறிக்கைகளில் எத்தனை தமிழில் நம் மக்களின் கண்ணுக்கு வந்து சேர்கின்றன என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மாத்திரையாகவோ கேப்சூலாகவோ விற்கும் ஊட்டமருந்துகள் பதிவு செய்யப்பட்டு ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் எண்ணையும், ஒளிவில்லை எனப்படும் ஹோலோகிராம் முத்திரையையும் தாங்கியிருக்க வேண்டும். இலக்கங்களை அடுத்து ‘என்’ (N) என்ற எழுத்து இருந்தால் சத்துப் பொருள், ‘டி’ (T) இருந்தால் பாரம்பரிய மருந்து. இந்த எண் இருப்பது, பாதுகாப்பும் தயாரிப்புத் தரமும் பார்க்கப்பட்டன என்பதற்கு அடையாளம்; நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது. இந்த வேறுபாட்டை விற்பவர்கள் வேண்டுமென்றே மறைக்கிறார்கள். மாவுப் பானம் போன்று பெரும்பகுதி உணவாக இருப்பவை இந்தப் பதிவுக்குள் வராமல் உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றுக்கு நோய் தீர்க்கும் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே கிடையாது. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய், இதய நோய், புற்றுநோய், ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களுக்கு மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தங்கள் ஞாயிறு மலரில் வந்த விளம்பரம் ‘இனிப்பு நீர்’ என்று எழுதவில்லை. ‘இனிப்பான வாழ்வுக்கு விடுதலை’ என்று எழுதி, விரலில் ரத்தம் எடுக்கும் படத்தைப் போட்டிருந்தது. எங்கள் அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 18 வயதை எட்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவருக்கு நெருக்கமான எண்ணிக்கை. இத்தனை நோயாளிகள் இருக்கும் சமூகத்தில் தமிழ் மொழியில் யார் வந்து எதைப் பேசினாலும் கேட்க ஆள் இருக்கும் என்பதை விற்பனையாளர்கள் நன்றாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்கள் தமிழில் பேசுகிறார்கள், அம்மா, ஐயா என்று அழைக்கிறார்கள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குடும்பக் கதையைக் கேட்கிறார்கள். கிளினிக்கில் அதற்கு நேரம் இல்லை. அங்குள்ள ஊழியர்கள் படும் பாட்டை அறிந்தவன் என்பதால் அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

எனவே தங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது, உடல்நலக் கட்டுரை வரும் பக்கத்தில் ஊட்டமருந்து விளம்பரங்களை வெளியிட வேண்டாம் என்பதே. வேறு பக்கத்தில் வெளியிட்டாலும், ‘விளம்பரம்’ என்று தலைப்பில் தெளிவாக அச்சிட்டு, மருந்துப் பொருளாக இருந்தால் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கி அதையும் போட வேண்டும். விளம்பர வருமானம் இல்லாமல் ஒரு தமிழ் நாளிதழை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை அறியாமல் இதை எழுதவில்லை. மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் எச்சரிக்கைகளைத் தமிழில் ஒரு சிறு கட்டமாக வாரம்தோறும் வெளியிட்டால், எங்களைப் போன்ற தோட்டப்புறத்து வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

சுகாதார அமைச்சின் கவனத்துக்கும் ஒன்று. மருந்து கொடுக்கும் முகப்பில் ஒரு கேள்வியைத் தமிழிலும் எழுதி ஒட்டினால் போதும்: “வீட்டில் வேறு என்ன பொடி, சாறு, மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கொண்டுவந்து காட்டுங்கள், யாரும் கோபிக்க மாட்டோம்.” இந்தக் கடைசி வார்த்தைகள் மிக முக்கியம். அமைச்சு 2007 முதல் ‘கெனாலி உபாட் அண்டா’ என்ற பெயரில் மருந்தை அறிந்துகொள்ளும் இயக்கத்தை நடத்தி வருகிறது. அதன் பேச்சாளர்கள் தமிழ் தெரிந்தவர்களாகக் கோயில் மண்டபங்களுக்கும் தாமான் சமூக மண்டபங்களுக்கும் வர வேண்டும். மண்டபத்தை வாடகைக்கு விடும் நிர்வாகக் குழுவினர், உடல்நலம் என்ற பெயரில் வருபவர்களிடம் பொருளின் பதிவு எண்ணை முன்கூட்டியே கேட்பதில் தவறொன்றும் இல்லை. திருமண வீட்டாரிடம் முன்பணம் கேட்கிறோம் அல்லவா?

அக்காவுக்கு அடுத்த தவணை வரும் மாதம் 14ஆம் தேதி. இந்த முறை என்னோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பாதி மீதியிருக்கும் பானத்து டின், மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய மீன் எண்ணெய்ப் புட்டி, யாரோ கொடுத்த பெயரில்லாத உருண்டைகள், நீல பிஸ்கட் டின், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறார். இரவில் வெந்தயம் ஊறவைக்கும் கிளாஸையும் எடுத்து வரட்டுமா என்று நேற்றுக் கேட்டார். கிளாஸ் வேண்டாம், எத்தனை கரண்டி என்று மட்டும் சொன்னால் போதும் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
பகாவ், நெகிரி செம்பிலான்.